மணல்மேட்டுப் புல்வெளி: செர்ரி கவுண்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், கிழக்கு ஓரத்து ஒமாஹா பக்கம். கோடையில் நயோபிராரா ஆற்றில் படகு விடப் போகிறவர்கள், மேற்கே காரில் கடந்து போனவர்கள், வரைபடத்தில் ஊர்ப்பெயரே இல்லாத அந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போன் செய்கிறவர்கள் என்று எல்லோரும் செர்ரி கவுண்டியைப் பற்றிச் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

கவுண்டின்னா என்ன, மாவட்டம் மாதிரியா? இது எங்கே இருக்கு?

மாவட்டம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் மேலிருந்து நியமிக்கப்படும் கலெக்டர் கிடையாது. கமிஷனர்கள், ஷெரீஃப், வரிக் கணக்கு பார்ப்பவர் எல்லோரையும் உள்ளூர் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். சாலை, சிறை, நிலப்பதிவு, சொத்து வரி ஆகியவை கவுண்டியின் பொறுப்பு.

செர்ரி கவுண்டி நெப்ராஸ்காவின் வடக்கு எல்லையில் இருக்கிறது. அதைத் தாண்டினால் தெற்கு டகோட்டா. தலைநகர் வேலன்டைன். ஒமாஹாவிலிருந்து காரில் போனால் ஏறக்குறைய 480 கிலோமீட்டர்.

எவ்வளவு பெருசு? எத்தனை பேர் இருக்காங்க?

பரப்பு சுமார் 15,500 சதுர கிலோமீட்டர். நெப்ராஸ்காவின் 93 கவுண்டிகளில் இதுதான் பெரியது. கனெக்டிகட் என்ற முழு மாநிலத்தைவிடவும் பெரியது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே இருந்தவர்கள் 5,455 பேர். அதில் 2,633 பேர் வேலன்டைன் நகரத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். மீதி 2,800 பேர்தான் மற்ற இடம் முழுவதும். அதாவது, நகரத்தை விட்டுவிட்டால் ஆளுக்கு ஐந்து சதுர கிலோமீட்டருக்கு மேல் வருகிறது.

பேரு செர்ரி, ஊரு வேலன்டைன். பழத்துக்கும் காதலர் தினத்துக்கும் சம்பந்தம் உண்டா?

இரண்டுக்கும் கிடையாது. சாமுவேல் செர்ரி என்பவர் பக்கத்து ராணுவக் கோட்டையில் இருந்த லெப்டினன்ட். 1881இல் கொள்ளையரைத் தேடிப் போனபோது தன் படையைச் சேர்ந்த ஒரு சிப்பாயாலேயே சுடப்பட்டு இறந்தார். எட்வர்ட் வேலன்டைன் அந்தக் காலத்து நாடாளுமன்ற உறுப்பினர். ஆனாலும் ஊர்க்காரர்கள் பெயரை வீணாக்கவில்லை. நடைபாதையில் சிவப்பு இதயம் வரைந்திருக்கிறார்கள். பிப்ரவரியில் வாழ்த்து அட்டைகளை இந்த ஊர் அஞ்சல் முத்திரையோடு அனுப்புவதற்காகவே வெளியூர்களிலிருந்து இங்கே அனுப்பி வைக்கிறார்கள்.

அவ்வளவு நிலம் கிடக்குதே, ஏன் யாரும் போய்க் குடியேறல?

குடியேறினார்கள். வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அதுதான் இந்தக் கவுண்டியின் முக்கால்வாசி வரலாறு.

1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் கிடைத்தது. ஐந்து ஆண்டு குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தம். மழை நன்றாகப் பெய்யும் கிழக்கு நெப்ராஸ்காவில் அது ஒரு குடும்பம் பிழைக்கப் போதும். இங்கே 160 ஏக்கரில் பத்து மாடுகூட மேயாது. அதைப் புரிந்துகொண்டு மோசஸ் கின்கெய்ட் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த சட்டம் 1904இல் நிறைவேறியது. மேற்கு நெப்ராஸ்காவில் மட்டும் 640 ஏக்கர், அதாவது ஒரு சதுர மைல். ஜனங்கள் திரண்டு வந்தார்கள். மரம் இல்லாததால் புல்வேரோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி வீடு கட்டினார்கள். விறகுக்குப் பதில் காய்ந்த சாணம் எரித்தார்கள். 1920 கணக்கெடுப்பில் கவுண்டியின் மக்கள்தொகை 11,000ஐத் தாண்டியிருந்தது, இன்றைக்கு இருப்பதைப் போல இரண்டு மடங்கு.

அவர்கள் ஏர் ஓட்டியதுதான் வினையாகிவிட்டது. மேலே இருந்த புல்லைப் புரட்டியதும் அடியில் இருந்த மணல் காற்றில் பறந்தது. 640 ஏக்கரும் இங்கே போதவில்லை. ஒவ்வொரு குடும்பமாகப் பக்கத்துப் பண்ணைக்காரருக்கு விற்றுவிட்டுக் கிளம்பியது. எனவே இந்த இடத்தைக் கைவிடப்பட்ட ஊர் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. நிலம் எத்தனை பேரைத் தாங்குமோ அத்தனை பேரில் வந்து நின்றிருக்கிறது.

மணல்னு சொல்றீங்க, அப்போ பாலைவனமா?

பார்த்தால் பச்சைக் குன்றுகள். உள்ளே முழுக்க மணல். சாண்ட்ஹில்ஸ் என்கிற இந்த மணல்மேடுகள் சுமார் 50,000 சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருக்கின்றன. மேற்கு அரைக்கோளத்தில் இதைவிடப் பெரிய மணல்மேட்டுத் தொகுதி இல்லை. சில மேடுகள் 120 மீட்டர் உயரம். இப்போது அவற்றைப் புல் பிடித்து நிறுத்தியிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நீண்ட வறட்சி வந்தபோது புல் காய்ந்து இந்த மேடுகள் நகர்ந்திருக்கின்றன. இன்றும் ஓரிடத்தில் புல் பிய்ந்துபோனால் காற்று அங்கே குடைய ஆரம்பித்து, ஒரு பெரிய மணற்குழி உண்டாகிவிடும். ப்ளோஅவுட் என்பார்கள். பழைய டயர்களையும் காய்ந்த புல்லையும் கொட்டி, மாடு போகாதபடி வேலி போட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்துதான் அதை மூட முடியும்.

மழை ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் அளவில்தான். ஆனால் பெய்தது ஓடி வீணாகாமல் மணலுக்குள் நேரே இறங்கிவிடும். அடியில் ஒகலாலா நிலத்தடி நீர்ப்படுகை. மேடுகளுக்கு நடுவே பள்ளமான இடங்களில் அந்த நீர் தானாகவே மேலே வந்து ஏரியாகவும் ஈரப் புல்தரையாகவும் நிற்கிறது. நயோபிராரா, ஸ்நேக், வடக்கு லூப் ஆறுகள் கோடையிலும் வற்றாமல் ஓடுவது இந்த ஊற்று நீரால்தான்.

அடியில அவ்வளவு தண்ணி இருந்தா பம்ப் வெச்சு மக்காச்சோளம் போடலாமே?

1970களில் போட்டுப் பார்த்தார்கள். நடுவில் ஓர் அச்சு, அதைச் சுற்றிவரும் நீளமான குழாய் என்று வட்டமாகப் பாசனம் செய்யும் இயந்திரங்கள் வந்த காலம் அது. வெளியூர் முதலீட்டாளர்கள் மேடுகளைச் சமன்படுத்தி உழுதார்கள். 1980களில் விளைபொருள் விலை சரிந்து, வட்டி ஏறியபோது நிறையப் பேர் விட்டுவிட்டுப் போனார்கள். பயிர் இல்லாத மணல் பறக்க ஆரம்பித்தது. மறுபடி புல் பிடிக்க வைப்பதற்குள் பாடாய்ப் படவேண்டியிருந்தது. இன்னொரு சிக்கலும் உண்டு. மணலில் போட்ட உரம் நிற்காமல் நேரே குடிநீருக்கே போய்ச் சேரும்.

அப்போ மாடு மட்டும்தானா? வருஷம் பூரா என்ன வேலை?

மாடுதான். இறைச்சிக் கன்று ஈனும் பசுக்கள் இந்தக் கவுண்டியில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அமெரிக்கக் கவுண்டிகளில் இந்தக் கணக்கில் முதலிடம் இதற்குத்தான். ஒரு பசுவும் கன்றும் ஓராண்டு பிழைக்க 15 முதல் 20 ஏக்கர் புல் வேண்டும். ஐந்நூறு பசு வைத்திருப்பவருக்கு எவ்வளவு நிலம் தேவைப்படும் என்று பெருக்கிப் பாருங்கள். பக்கத்து வீடு ஏன் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதும் அதிலேயே விளங்கிவிடும்.

குளிர்காலக் கடைசியிலிருந்து வசந்தம் வரை மாடுகள் கன்று ஈனும். பனிப்புயல் அடிக்கும் இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டார்ச்சோடு போய்ப் பார்ப்பார்கள். நனைந்து நடுங்கும் கன்றைத் தூக்கி வந்து பிக்கப் வண்டியின் முன்சீட்டுக்கடியில் ஹீட்டர் பக்கம் போடுவது இங்கே சாதாரணம். மே மாதம் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும் நாள். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் குடும்பத்தோடு குதிரையில் வந்துவிடுவார்கள். ஒருவர் கயிறு வீசிக் கன்றின் பின்னங்காலைப் பிடித்து இழுத்து வர, இரண்டு பேர் அமுக்கிப் பிடிக்க, ஒருவர் ஊசி போட, ஒருவர் காயடிக்க, ஒருவர் குறி சுட, ஒரு நிமிடத்துக்குள் கன்று எழுந்து தாயிடம் ஓடிவிடும். கூலி கிடையாது. மத்தியானச் சாப்பாடு உண்டு. அடுத்த வாரம் இவர்கள் அவர்கள் பண்ணைக்குப் போகவேண்டும்.

ஜூலையில் ஈரப் புல்தரைகளை அறுத்து, காயவைத்து, உருண்டை உருண்டையாகச் சுருட்டிக் குளிர்காலத்துக்குச் சேமிப்பார்கள். இலையுதிர் காலத்தில் கன்றுகளைப் பால் மறக்கடித்து ஏலத்துக்கு அனுப்புவார்கள். சினை பிடிக்காத பசுவும் அப்போதே வண்டி ஏறும். வருமானம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே முறை, அந்த ஏல நாளில்தான்.

பண்ணைக்காரர்கிட்ட எத்தனை மாடு வெச்சிருக்கீங்க, எத்தனை ஏக்கர்னு கேட்கலாமா?

தயவுசெய்து கேட்காதீர்கள். பேங்கில் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள் என்று கேட்பதும் இதுவும் ஒன்று. புல் எப்படி இருக்கிறது, மழை வந்ததா என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

இவ்வளவு தூரம்னா பிள்ளைங்க எப்படி ஸ்கூலுக்குப் போறாங்க?

சின்னப் பிள்ளைகளுக்குக் கிராமப்புறங்களில் ஓர் ஆசிரியர், சில மாணவர்கள் என்று ஓரறைப் பள்ளிகள் இருந்தன. 2005இல் மாநிலம் கொண்டுவந்த சட்டம் தொடக்கப் பள்ளி மட்டும் நடத்திய தனிச் சிறு கல்வி மாவட்டங்களை மற்றவற்றோடு இணைக்கச் சொன்னது. 2006 நவம்பரில் மக்கள் வாக்களித்து அந்தச் சட்டத்தை நிராகரித்தார்கள். ஆனால் அதற்குள் இணைப்பு முடிந்துபோயிருந்தது. அந்தக் கோபம் இன்னும் சிலருக்கு ஆறவில்லை. பெரிய மாவட்டத்தின் கீழ் சில கிராமப் பள்ளிகள் அதற்குப் பிறகும் நடந்தன.

மேல்நிலைப் பள்ளி என்றால் வேறு வழி தேடவேண்டும். சில குடும்பங்களில் வார நாட்களில் அம்மாவும் பிள்ளைகளும் நகரத்தில் வாடகை வீட்டில், அப்பா பண்ணையில். சில பிள்ளைகள் உறவினர் வீட்டில். பெரிய நகரத்துக்கு வெளியே இருக்கும் பிள்ளைகள் 14 வயது 2 மாதத்திலேயே பள்ளிக்குத் தானே கார் ஓட்டிப் போக நெப்ராஸ்காவில் தனி அனுமதி உண்டு. கேட்டதும் பதறுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தப் பிள்ளை எட்டு வயதிலிருந்தே மாட்டுக்குப் புல் போட அப்பாவின் வண்டியை மேய்ச்சல் நிலத்தில் ஓட்டிப் பழகியிருக்கும்.

ராத்திரி நெஞ்சு வலின்னா என்ன கதி?

வேலன்டைனில் ஒரு சின்ன மருத்துவமனை இருக்கிறது. 25 படுக்கைக்கு மேல் போகாத கிராமப்புற மருத்துவமனைகளுக்கு மத்திய அரசு தனிவகையில் பணம் தருகிறது. இதுவும் அந்த வகை. பெரிய சிகிச்சைக்கு விமானத்தில் ஏற்றி அனுப்புவார்கள். ஆம்புலன்சில் வருபவர் பெரும்பாலும் தன்னார்வலர், பகலில் வேறு வேலை பார்ப்பவர். அவர் உங்களுக்குத் தெரிந்தவராகவும் இருப்பார். கவுண்டியின் தென்மேற்கு மூலையிலிருந்து வருவதென்றால் மணிக்கணக்காகும். இது உண்மையான குறைதான், இதைப் பூசி மெழுக முடியாது.

கடை கண்ணி?

வேலன்டைனில் எல்லாம் கிடைக்கும். சிற்றூர்களில்தான் சிரமம். கோடி என்ற ஊரில் மளிகைக் கடையே இல்லாமல் போனபோது, உள்ளூர்ப் பள்ளி மாணவர்களே வைக்கோல் கட்டுகளால் சுவர் எழுப்பிய ஒரு கட்டடத்தில் 2013இல் கடை திறந்தார்கள். சரக்கு வாங்குவது, கணக்கு எழுதுவது எல்லாம் பாடத்தின் ஒரு பகுதி. 'சாக மறுக்கும் ஊர்' என்ற பொருளில் அந்த ஊருக்கு ஒரு முழக்கமும் உண்டு. எனக்குப் பிடித்த ஊர்.

சைவக்காரர்களும் இதையே வேறு மாதிரி கேட்கிறார்கள். உணவகத்தில் உருளைக்கிழங்கும் சாலடும் கிடைக்கும். தங்கும் அறையில் ஒரு ரைஸ் குக்கர் இருந்தால் நிம்மதி.

நாங்க போனப்போ போன்ல மணி மாறி மாறிக் காட்டுச்சே, போன் ரிப்பேரா?

இல்லை. நேர மண்டல எல்லை இந்தக் கவுண்டிக்குள்ளேயே போகிறது. வேலன்டைன் மத்திய நேரம். மேற்கே மெர்ரிமன் ஊரில் மலை நேரம் (மவுன்டன் டைம்), ஒரு மணி பின்னால். யாரையாவது சந்திக்க நேரம் குறித்தால் யாருடைய மணி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த நிலம் முன்னாடி யாருது?

லக்கோட்டா என்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள் வேட்டையாடிய நிலம். வடக்கு பிளாட் ஆற்றுக்கு வடக்கே வேட்டையாடும் உரிமையை அமெரிக்க அரசோடு செய்த 1868 ஒப்பந்தம் அவர்களுக்கு விட்டுவைத்திருந்தது. ஒரு பத்தாண்டுக்குள் அதுவும் போய்விட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் லக்கோட்டா மக்களுக்கு ஒதுக்கப்பட்ட ரோஸ்பட் நிலம் இருக்கிறது. மேலே சொன்ன செர்ரி இருந்த நயோபிராரா கோட்டை 1880இல் அவர்களைக் கண்காணிக்கவே கட்டப்பட்டது. 1906இல் மூடிய அந்தக் கோட்டை நிலம் 1912இல் வனவிலங்கு சரணாலயமாகி, ஆறு காட்டெருமைகளோடு தொடங்கியது. இன்று அங்கே முந்நூறுக்கு மேல் மேய்கின்றன.

லக்கோட்டா மக்களுக்கும் கின்கெய்ட் குடியேறிகளுக்கும் இடையில் வந்தவர்கள் பெரிய மாட்டு முதலாளிகள். அரசு நிலத்தைத் தங்கள் நிலம்போல முள்கம்பி போட்டு வளைத்துக்கொண்டார்கள். ஸ்பேட் பண்ணையின் பார்ட்லெட் ரிச்சர்ட்ஸ் மீது வழக்குப் போட்டு 1906இல் தண்டனை வாங்கிக் கொடுத்தது அரசு. அரசு நிலத்துக்குப் பொய்யான விண்ணப்பம் போட வைத்த குற்றம். தண்டனைக் காலத்திலேயே 1911இல் இறந்தார். உள்ளூரில் இன்றும் அவருக்கு அனுதாபிகள் உண்டு. அவருடைய முறை தவறு, ஆனால் இது பெரும்பரப்பில் மேய்க்க வேண்டிய நிலம் என்று அவர் சொன்னது சரி என்பார்கள்.

கறுப்பின மக்களும் இங்கே நிலம் வாங்கினாங்கன்னு படிச்சேன், நிஜமா?

நிஜம். கின்கெய்ட் சட்டத்தைப் பயன்படுத்தி 1907 முதல் வடக்கு லூப் ஆற்றங்கரையில், பிரவுன்லீக்குப் பக்கத்தில், டிவிட்டி என்ற குடியிருப்பை உண்டாக்கினார்கள். அடிமைத்தனத்திலிருந்து தப்பிக் கனடாவுக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள் அவர்களில் பலர். பள்ளி, தேவாலயம், அஞ்சலகம், பேஸ்பால் குழு எல்லாம் இருந்தன. நெப்ராஸ்காவின் கறுப்பினக் கிராமக் குடியிருப்புகளில் இதுதான் அதிக காலம் நீடித்தது. பிறகு ஊர்ப்பெயர் ஆடேஷியஸ் என்று மாறியது, துணிச்சல்காரர்கள் என்று அர்த்தம். 1930களோடு கலைந்துபோனது. காரணம் மற்றவர்களைத் துரத்திய அதே மணலும் விலை வீழ்ச்சியும். இப்போது சாலையோரம் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது.

மொட்டையா கிடக்கே, மரம் நடலாம்ல?

நட்டிருக்கிறார்கள். சார்லஸ் பெஸ்ஸி என்ற தாவரவியல் பேராசிரியர் வலியுறுத்தி, 1902இல் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் காடு வளர்க்க இரண்டு இடங்களை ஒதுக்கினார். ஒன்று இந்தக் கவுண்டியில் இருக்கிறது, இன்றைய பெயர் மெக்கெல்வி தேசியக் காடு. பேர்தான் காடு, பெரும்பகுதி புல். இன்று பண்ணைக்காரருக்கு மரம் எதிரி. கிழக்குச் செஞ்சீடர் மரம் தானாகவே பரவி, புல்லை மறைத்து, தீப்பிடித்தால் எண்ணெய் ஊற்றியதுபோல எரிகிறது. 2012 ஜூலையில் நயோபிராரா பள்ளத்தாக்கில் பெருந்தீ பரவியதை யாரும் மறக்கவில்லை. இங்கே தீயணைப்பு என்றால் பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியும் பம்பும் வைத்த பிக்கப்பில் வருவதுதான்.

காத்து இவ்வளவு அடிக்குதே, காத்தாலை வெச்சா எல்லாருக்கும் காசுதானே?

இந்தக் கேள்வியை உணவகத்தில் சத்தமாகக் கேட்காதீர்கள். குத்தகைப் பணம் வந்தால் பண்ணையைப் பிள்ளைகளுக்குக் காப்பாற்றிக் கொடுக்கலாம் என்கிறது ஒரு தரப்பு. கனரக வண்டிகளுக்குச் சாலை போட மேட்டை வெட்டினால் ப்ளோஅவுட் வரும், பரம்பரையாகப் பார்த்த வெளி போய்விடும் என்கிறது இன்னொரு தரப்பு. இருவருமே மாடு வளர்ப்பவர்கள், சூடு போடும் நாளில் ஒரே கூட்டத்தில் நிற்பவர்கள். காற்று எத்தனை அடித்தாலும் மணல் தாங்குமா என்பதுதான் முதல் கேள்வி என்று நான் நினைக்கிறேன்.

சுத்திப் பார்க்க என்ன இருக்கு? என்ன கவனிக்கணும்?

நயோபிராராவின் ஒரு பகுதி 1991 முதல் தேசிய எழில் ஆறு. படகு வேண்டாம் என்றால் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் பெரிய வட்டத் தொட்டியில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து மிதந்து போகலாம். சிரிக்காதீர்கள், குடும்பத்தோடு போக அதுதான் சுகம். வழியில் 19 மீட்டர் உயர ஸ்மித் அருவி, மாநிலத்திலேயே உயரமானது. மெரிட் நீர்த்தேக்கத்தில் இரவு வானம் பாருங்கள். ஏப்ரல் விடியற்காலையில் புல்வெளிக் கோழிகள் ஆடும் ஆட்டம் தனி.

மெரிட்டைத் தாண்டித் தெற்கே போனால் மல்லன் ஊர் வரை பங்க் கிடையாது, டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். பள்ளங்களில் சிக்னல் இருக்காது. எதிரே வரும் வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கினால் அது வணக்கம், நீங்களும் தூக்குங்கள். மேய்ச்சல் நிலத்துக்குள் போக அனுமதி கேளுங்கள். திறந்திருந்த கேட்டைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விட்டுப் போகவேண்டும்.

ஆள் குறைஞ்சுகிட்டே போகுதே, பக்கத்து கவுண்டியோட சேர்த்துடலாம்ல?

செர்ரியைவிடச் சிறியவையே சேரவில்லை. தெற்கே ஆர்தர் கவுண்டியில் 2020இல் 434 பேர், மெக்ஃபெர்சன் கவுண்டியில் 399 பேர். இரண்டுக்கும் தனித்தனி நிர்வாகம். சேர்த்தால் வரி மிச்சமாகும் என்பார்கள். ஆனால் நீதிமன்றம் இன்னும் எண்பது கிலோமீட்டர் தள்ளிப்போகும். மாநில சட்டமன்றத்தில் இருப்பதே 49 உறுப்பினர்கள். சாண்ட்ஹில்ஸின் பெரும்பகுதிக்கும் சேர்த்து ஒரே ஒருவர்தான். கையில் மிச்சமிருக்கும் சொந்த அதிகாரம் கவுண்டி அலுவலகம் மட்டுமே. அதை யார் விட்டுக்கொடுப்பார்கள்?

கவலைப்படவேண்டியது நிலக் கைமாற்றத்தைப் பற்றி. பசுக் கணக்கில் வரும் வருமானத்தை வைத்து இன்றைய விலைக்குப் பண்ணை வாங்க ஓர் இளைஞனால் முடியாது. பரம்பரையாக வந்தால் உண்டு, இல்லையென்றால் பெரும் பணக்காரர்கள் வாங்குகிறார்கள். சிஎன்என் நிறுவனர் டெட் டர்னர் சாண்ட்ஹில்ஸில் லட்சக்கணக்கான ஏக்கர் வாங்கிக் காட்டெருமை வளர்த்தார். புல்லுக்குக் கெடுதல் வந்துவிடவில்லை. ஆனால் நான்கு குடும்பம் இருந்த இடத்தில் ஒரு மேலாளர் வீடு இருந்தால், மேலே சொன்ன பள்ளிக்கும் ஆம்புலன்சுக்கும் சூடு போடும் நாளுக்கும் ஆள் எங்கிருந்து வரும் என்று கேட்கிறார்கள். இதற்கு வேலன்டைனில் யாரிடமும் பதில் கிடைக்கவில்லை. வேறு எங்கும் கிடைக்குமா என்றும் சந்தேகம்தான்.